தூற்றுதல்: ஓர் ஆங்கில வினைச்சொல்லும் நம் களமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாத்தியார் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் முன்பு பேசியவர்கள் பஞ்சமி நிலம் பற்றிப் பேசினார்கள், கல்வி பற்றிப் பேசினார்கள், கோயில் நுழைவு பற்றிப் பேசினார்கள். எல்லாம் பெரிய பொருள்கள். நான் ஓர் ஆங்கில வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர் தோழர் தயங்கினார். "கிராமர் கிளாஸ் மாதிரி ஆயிடாதே சார்?" என்றார். முப்பது வருடம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவனிடம் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் வேர் வரைக்கும் போவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசர் பண்டிதர் அதைத்தான் செய்தார். அவர் சொன்ன சொற்பிறப்புகளில் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனாலும் ஒரு சொல்லை யார் எதற்காக அப்படி ஆக்கினார்கள் என்று கேட்கும் துணிச்சலை அவரிடமிருந்துதான் நாம் எடுத்துக்கொண்டோம்.

நான் எடுத்துக்கொண்ட சொல் 'வின்னோ'. அகராதியைப் புரட்டினால் முதலில் தானியத்தைக் காற்றில் தூற்றிப் பதரைப் பிரித்தல் என்று இருக்கும். அடுத்து, பலவற்றிலிருந்து நல்லதைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தல், வேண்டாததைக் கழித்தல் என்று இருக்கும். இன்று ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர்கள் முதல் பொருளில் இந்தச் சொல்லைப் பார்ப்பது அபூர்வம். இருநூறு விண்ணப்பங்களைப் பத்தாக 'வின்னோ டவுன்' செய்தார்கள் என்று வரும். தகுதியில்லாதவர்களை 'வின்னோ அவுட்' செய்தார்கள் என்று வரும்.

இந்தச் சொல்லோடு எனக்கு வம்பு வந்தது வாத்தியாரால். அவர் எழுதி வைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார். மூன்றாம் பக்கத்திலேயே இரண்டு சின்ன வாக்கியங்கள்: "களத்தில் அம்மா தூற்றினாள். தெருவில் அம்மாவைத் தூற்றினார்கள்." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் தன் அம்மாவைப் பற்றி அந்த அத்தியாயத்தில் எதுவும் எழுதவில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு வேறெதுவும் வேண்டியதும் இல்லை. தூற்றுதல் என்றால் நெல்லைத் தூற்றுதல். பழி தூற்றுதலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கு 'வின்னோ' சரியாகப் பொருந்தியது. இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ஆங்கிலக்காரன் வின்னோ செய்தால் யாரையும் பழிப்பதில்லை.

வாத்தியாரிடமே போய்க் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த இங்கிலீசு சொல்லுக்கு வேர் என்னா தம்பி?" என்றார். சொன்னேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது 'விண்ட்வியன்'. 'விண்ட்' என்றால் காற்று. காற்றைக்கொண்டு செய்வது 'வின்னோ'. லத்தீனிலும் அப்படித்தான். 'வென்டிலாரே' என்றால் காற்றில் ஆட்டுதல், தூற்றுதல்; அதிலிருந்து வந்ததுதான் ஆஸ்பத்திரி வென்டிலேட்டர். நம் தலைக்கு மேல் சுற்றுகிற 'ஃபேன்' இருக்கிறதே, அதன் மூலம் 'வன்னுஸ்'. அது தூற்றும் கூடைக்குப் பெயர். அதனால்தான் 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் யோவான் ஸ்நானகன், வரப்போகிறவர் கையில் ஃபேன் இருக்கும் என்கிறான். நம் தமிழ் வேதாகமத்தில் அது தூற்றுக்கூடை. மாதாகோயிலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோதுமை களஞ்சியத்துக்கு, பதர் நெருப்புக்கு.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சொல்லுல காத்துதான் இருக்கு. கை இல்ல. அது களத்துல நின்னவன் சொன்ன சொல்லு இல்ல தம்பி. திண்ணையில உக்காந்து பாத்தவன் சொன்ன சொல்லு" என்றார். அவரும் அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

அன்று அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பேச்சு.

களத்தைப் பார்க்காத இளைய தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்கி, அறுத்து அடித்துத் தூற்றி, நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் சின்ன வயதில் கதிர் அடித்து முடித்ததும் பொலி தூற்றுவார்கள். காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். சில நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று கிளம்பும். அப்போது எழுந்து தூற்ற வேண்டும். முறத்தில் அள்ளிக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, லேசாகச் சரித்து, ஒரே சீராக விட வேண்டும். முழுமணி காலடியிலேயே விழும். கருக்காய், அதாவது பாதி பிடித்த மணி, ஓரடி தள்ளி விழும். பதர் இன்னும் தள்ளிப் போகும். தூசி போய்த் தூற்றுகிறவள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். எங்கள் அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். அப்படியும் தை மாசம் முழுக்க இருமுவாள்.

இதில் காற்று செய்வது எவ்வளவு, கை செய்வது எவ்வளவு? காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அம்மா தூற்றினால் காலடிக் குவியல் சுத்தமாக இருக்கும். புதிதாகத் தூற்றிய என் அக்கா தூற்றினால் பாதி நெல் பதரோடு போகும். எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது, காற்று தணியும்போது எப்படிக் கையை நிறுத்துவது என்பதெல்லாம் அந்தத் தோளுக்குள் இருந்த அறிவு. பண்ணைக் காரியக்காரர் கணக்குப் புத்தகத்தில் அதற்கு வரி கிடையாது. இத்தனை கலம் கண்டது என்று எழுதுவார். காற்று நன்றாக இருந்தது என்றுகூடப் பெரியவர்களிடம் சொல்வார்.

முறத்தில் செய்கிற வேலைக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பமே இருக்கிறது. காற்றில் விடுவது தூற்றுதல். முறத்தைத் தட்டி உமியை முன்பக்கம் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் ஆட்டிப் பெரியதையும் சிறியதையும் பிரிப்பது கொழித்தல். கல்லையும் குருணையையும் பிரிக்க மெல்ல அசைப்பது நாவுதல். சில ஊர்களில் நேம்புதல் என்பார்கள். இன்னும் நுணுக்கமானால் தெள்ளுதல். இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் கைவேலை. எல்லாச் சொல்லிலும் கை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு வேறு மாதிரி திரும்பும். 'வின்னோ' என்ற ஒரே சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது. வாத்தியார் சொன்னதில் எனக்குச் சம்மதமான பாதி இதுதான்.

சம்மதமில்லாத பாதி: இங்கிலாந்திலும் அந்தச் சொல்லை உண்டாக்கியவன் பிரபுவாக இருந்திருக்க முடியாது. காற்றுக்காகக் காத்து நின்றவன்தான் வேலைக்குக் காற்றின் பெயரை வைத்திருப்பான். காற்று அவனுக்குக் கூட வேலை செய்கிற ஆள். வால்டர் ஸ்காட்டின் 'ஓல்டு மார்ட்டாலிட்டி' என்ற 1816ஆம் ஆண்டு நாவலில் ஒரு கிழவி வருவாள். காற்று உண்டாக்கித் தூற்றும் மெஷின் பண்ணைக்கு வந்ததும், காற்றைக் கடவுள்தான் அனுப்ப வேண்டும், மனுசன் செய்யக்கூடாது, என் மகன் அந்த மெஷினில் வேலை செய்ய மாட்டான் என்று சண்டை போடுவாள். ஸ்காட் அவளை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் அந்த மாதிரி இரண்டு கிழவிகளையாவது எனக்குத் தெரியும். ஆகவே சொல்லின்மேல் குற்றமில்லை. களத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் வைத்த பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

ஆபீசில் என்ன ஆகிறது என்றால், அந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டில் வருகிறது. விண்ணப்பங்கள் வின்னோ செய்யப்பட்டன. யாரால்? வாக்கியத்தில் ஆள் இல்லை. தேர்வு செய்தோம் என்றால் தேர்வு செய்தவனைக் கேள்வி கேட்கலாம். பொறுக்கினோம் என்றால் விரலைக் காட்டலாம். வின்னோ என்றால் காற்று அடித்தது, கனமில்லாதது பறந்தது, அதற்கு நான் என்ன செய்ய என்ற தொனி வந்துவிடுகிறது. பதர் பதராகவே பிறந்தது. யாரும் அதைப் பதர் ஆக்கவில்லை. தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த இலக்கணத்தில்தான் பேசுகிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டுப் பேராசிரியர் பதவிகளுக்கு நேர்காணல் நடத்திவிட்டு 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்' என்று எழுதிக் காலியாகவே விடுகிறார்களே, அந்தத் தொடரைக் கவனியுங்கள். பொருத்தமானவர் காணப்படவில்லை. அங்கேயும் பார்த்தவர் யார் என்று இல்லை. முனைவர் பட்டம் வாங்கி, கட்டுரை எழுதி வந்த அத்தனை பேரும் காற்றோடு போனார்கள். காலடியில் ஒரு மணிகூட விழவில்லை. அப்படி ஒரு களத்தை எங்கள் அம்மா பார்த்திருந்தால் தூற்றினவளைத்தான் திட்டியிருப்பாள்.

பக்கத்துச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 'கல்' என்று ஓர் ஆங்கில வினை உண்டு. நம் சோற்றில் அகப்படும் கல் இல்லை. அது லத்தீனில் சேர்த்தெடுத்தல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் பூப் பறிப்பதற்கும், நல்ல வரிகளைத் திரட்டுவதற்கும் பயன்பட்டது. பிறகு மந்தையில் வேண்டாத ஆட்டை மாட்டைப் பிரித்தெடுப்பதற்கு வந்தது. பிரித்தெடுத்தால் அடுத்தது வெட்டுதல்தானே. பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணைக் கோழிகளைக் கொல்வதற்கு இன்று அந்தச் சொல்தான். பறிப்பதும் கொல்வதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை ஆங்கிலம் மறைக்கவில்லை. அந்த வகையில் அது நேர்மையான சொல். இன்னொன்று 'க்ளீன்'. துப்புரவு க்ளீன் இல்லை; அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது. ரூத் போவாஸின் வயலில் செய்தாளே அது. இங்கிலாந்தில் ஏழைகள் காலம் காலமாக அதைத் தங்கள் உரிமை என்று நினைத்திருந்தார்கள். 1788இல் சஃபோக் மாவட்டத்து மேரி ஹவுட்டன் என்ற பெண்ணின் வழக்கில், பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு உரிமை இல்லை என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று அதே சொல்லை ஆராய்ச்சியாளர்கள் தகவல் திரட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். பொறுக்கியவளிடமிருந்து கதிரும் போனது, சொல்லும் போனது.

'எலீட்' என்கிறோமே, மேட்டுக்குடி, அதற்கும் வேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றுதான் பொருள். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தச் சொல்லும் சொல்லாது.

இலக்கண வகுப்பில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு விஷயம் 'வின்னோ'வில் உண்டு. அதன் செயப்படுபொருள் இரண்டு பக்கமும் திரும்பும். நெல்லையும் வின்னோ செய்யலாம், பதரையும் வின்னோ செய்யலாம். பொய்யிலிருந்து உண்மையை வின்னோ செய்தான் என்றால் உண்மை கையில் இருக்கிறது. பலவீனமானவர்களை வின்னோ அவுட் செய்தான் என்றால் அவர்கள் வெளியே கிடக்கிறார்கள். வைத்துக்கொள்வதற்கும் எறிவதற்கும் ஒரே வினை. பின்னால் வரும் ஒட்டுச்சொல்லைப் பார்த்துத்தான் நாம் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரியும்.

நீதிமன்றத்தில் இது உயிர்ப்பிரச்சினை. இந்தியக் குற்றவியல் தீர்ப்புகளைப் படிக்கிறவர்களுக்கு மணியைப் பதரிலிருந்து பிரித்தல் என்ற தொடர் நன்றாகத் தெரியும். ஒரு சாட்சி ஒரு விஷயத்தில் பொய் சொன்னால் அவர் சொன்ன எல்லாமே பொய் என்று தள்ளும் லத்தீன் விதி ஒன்று உண்டு. அது இந்தியாவில் செல்லாது என்று 1957இல் நிசார் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியத்தில் உண்மையைத் தூற்றி எடுக்க வேண்டியது நீதிபதியின் கடமை. நல்ல விதிதான். அதன் மறுபக்கமும் உண்டு: மணியும் பதரும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடந்தால் சாட்சியம் முழுவதையும் தள்ளிவிடலாம் என்று 1975இல் பலாகா சிங் வழக்கில் வந்தது. பிரிக்க முடியுமா முடியாதா என்று தீர்மானிப்பது முறம் பிடித்தவர்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி நெல்லுக்காகவும் செங்கொடிக்காகவும் நடந்த சண்டை அது. நான் சொன்ன அதே களங்கள், அதே மரக்கால். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. எரிந்த வீட்டைப் பார்த்தவர்களின் வாய்மொழி ஒரு தட்டில், கார் வைத்திருப்பவரின் கௌரவம் மறு தட்டில். கௌரவம் கனமாக இருந்தது. கனமானதுதான் காலடியில் விழும்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1932இலேயே அனுபவித்தவர். பூனா ஒப்பந்தத்தில் 71 இடம் 148 ஆனது என்று பாடப் புத்தகம் சொல்லும். அதற்குள் இருந்த தேர்தல் முறையைச் சொல்லாது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதல் சுற்றில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைப் பொதுத் தொகுதி முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். முதல் தூற்று நம்முடையது, கடைசித் தூற்று ஊருடையது. நம் மக்கள் முதலிடம் கொடுத்தவர் கடைசியில் தோற்கலாம். நாலாவதாக வந்தவர் ஜெயிக்கலாம். இரண்டாவது முறம் யார் கையில் என்பதுதான் கணக்கு என்று 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு அவர் எழுதிய புத்தகம் முழுக்க விளக்குகிறார்.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. அச்சான உரையைப் பார்த்ததும் அவர்களுக்குப் பயம் வந்தது. வேதங்களைப் பற்றிய பகுதி வேண்டாம், இந்து மதத்தை விட்டுப் போவதைப் பற்றிய பகுதி வேண்டாம், மீதி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றது. 1,500 பிரதிகள் தன் செலவில் அச்சடித்து வெளியிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. சாதி ஒழிப்பு பேசப்படாத ஒரு சொற்பொழிவு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இந்த அவையில் நான் பேசுவதை நீங்கள் அச்சடிக்கிறீர்கள். அங்கே அச்சு இருந்தது, அவைதான் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

பல வருடங்களுக்கு முன்பு வெளியூரிலிருந்து ஓர் ஆங்கிலப் பதிப்பகம் தமிழ் தலித் எழுத்துத் தொகுப்பு ஒன்று கேட்டது. 'ஆந்தாலஜி' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பூப்பறித்தல் என்று பொருள். பூப் பறிக்கக் கிளம்பினேன். வாத்தியாரும் நானும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்ததில் இருநூறுக்கு மேல் பிரதிகள் வந்தன. அச்சான கதைகள், கைப்பிரதிகள், துண்டறிக்கைகள், ஒரு தொழிற்சங்கத்து நோட்டுப் புத்தகம். அதில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்து அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் நாற்பதும் பன்னிரண்டாக வின்னோ செய்யப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். செய்யப்பட்டிருக்கின்றன.

எந்தப் பன்னிரண்டு என்று பார்த்தேன். எல்லாம் அடி, உதை, தீ, பாலியல் வன்முறை, மலம். ஒவ்வொன்றும் உண்மை, எதையும் குறை சொல்ல மாட்டேன். பறந்து போன இருபத்தெட்டில் என்ன இருந்தது தெரியுமா? களத்தில் கூலிக் கணக்கில் காரியக்காரரை ஒரு கிழவி ஏமாற்றும் கதை இருந்தது. படிக்கும்போதெல்லாம் வாத்தியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஒரு காதல் கதை இருந்தது. அதில் யாரும் சாகவில்லை. ராத்திரிப் பள்ளியில் நட்சத்திரம் காட்டிய ஒரு ஆசிரியரைப் பற்றிய கட்டுரை இருந்தது. வாத்தியாருடைய சைக்கிள் கட்டுரையும் போயிற்று. நம் வலி அவர்களுக்கு மணி. நம் சிரிப்பு பதர். தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அம்பேத்கர் மாதிரி என்று அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாத்தியாரிடம் போய்க் கோபமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "நாப்பது பன்னண்டு ஆனதுக்கு அவங்கள திட்டுற. எரநூறு நாப்பது ஆச்சே, அதுக்கு யாரத் திட்டுறது தம்பி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. தொழிற்சங்கத்து நோட்டு என்றேனே, அது ஒரு நகராட்சித் துப்புரவுப் பணியாளர் எழுதியது. அருந்ததியர் பெண். எண்பது பக்க நோட்டில் பென்சிலால், தெலுங்கும் தமிழும் கலந்து, நாள்வாரியாக. எந்தத் தெருவில் என்ன அள்ளினார், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை, மேஸ்திரி எவ்வளவு பிடித்தார். ஆரம்பம் இல்லை, முடிவு இல்லை. நான் அதை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். வடிவம் கூடி வரவில்லை என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். கூடி வரவில்லை. அங்கேயும் ஆள் இல்லை, கவனித்தீர்களா? அந்த மொழியைப் பெயர்க்க எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கொச்சைத் தமிழையே ஆங்கிலத்தில் தடுமாறிப் பெயர்க்கிறவன், அந்தக் கலப்பு மொழிக்கு உழைப்பு அதிகம் என்று தள்ளிவிட்டேன். பறையர் தெருவில் பிறந்த நான், நமக்குக் கீழே என்று ஊர் வைத்த தெருவின் எழுத்தை அப்படித் தள்ளும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று பிறகுதான் யோசித்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு வருடம் கழித்து அந்த அம்மாவைத் தேடிப் போனபோது அவர் இறந்து போயிருந்தார். மகன் நல்ல பையன். வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம் சார் என்றான். என்ன எழுதியிருந்தார் என்று என்னிடம்தான் கேட்டான். எனக்கு நினைவிருந்த நாலைந்து நாட்களைச் சொன்னேன். மீதி நினைவில்லை.

எங்கள் அம்மா பண்ணைக்குத் தூற்றி முடித்ததும் வீட்டுக்கு வந்துவிட மாட்டாள். களத்தின் அடியில் மண்ணோடு கிடப்பதும், தள்ளி விழுந்த பதரும் எங்களுக்கு. அதைக் கூடையில் அள்ளி வந்து மறுநாள் எங்கள் வாசலில் மறுபடி தூற்றுவாள், புடைப்பாள், நாவுவாள். அதிலிருந்து இரண்டு படி, சில நாள் மூன்று படி நெல் வரும். கருக்காயைக் கோழிக்குப் போடுவாள். பதரை அடுப்புக்கு வைத்துக்கொள்வாள். முதல் தூற்றோடு வேலை முடிந்தது என்று நினைப்பது நெல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்படி ஆகும். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழமொழி சொல்லிக் கொடுத்தபோது நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். "காத்து இல்லன்னாலும் மொறம் இருக்குல்ல" என்றாள்.

வாத்தியாரின் இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். பல வழிகளில் பார்த்தேன். ஆங்கிலத்தில் பழி சொல்வதற்கு உள்ள ஒரு சொல்லுக்கு வேரில் தெளித்தல் என்ற பொருள் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் வாசனை வந்தது, தூசி வரவில்லை. கடைசியில் இரண்டு இடத்திலும் 'வின்னோ'வே போட்டேன். களத்தில் அம்மா வின்னோ செய்தாள். தெருவில் அம்மாவை வின்னோ செய்தார்கள். ஆங்கிலப்படி இரண்டாவது வாக்கியம் பிழை என்று படித்துப் பார்த்த ஒரு நண்பர் சிவப்பு மையால் சுழித்தார். அவளைக் கனமில்லாதவள் என்று பிரித்துத் தள்ளினார்கள் என்றுதான் ஆங்கிலம் படிக்கிறவன் புரிந்துகொள்வான் என்றார். அது மூலத்தில் இல்லாத பொருள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தில் எழுவாயை மட்டும் கெட்டியாக வைத்திருக்கிறேன். செய்யப்பட்டாள் என்று எழுதவில்லை. வாத்தியார் தமிழில் 'தூற்றினார்கள்' என்று ஆளை வைத்தே எழுதியிருந்தார்.

அவர் போன பிறகு அவர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு சாக்கு இறக்கினோம். நான் கழித்த நூற்று அறுபது சொச்சம் பிரதிகளை அவர் எறியாமல் வைத்திருந்தார். கைப்பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தது போக மற்றதெல்லாம் இருக்கிறது. சிலவற்றில் கரையான் ஏறியிருக்கிறது. சிலவற்றின் ஓரத்தில் அவர் பென்சிலால் 'மறுபடி பார்' என்று எழுதியிருக்கிறார். இரண்டு சாக்கையும் இன்று கொண்டு வந்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால் இருக்கின்றன. நான் மட்டும் மறுபடி பார்த்தால் அதே நாற்பதுதான் வரும். தெலுங்கு தெரிந்த தோழர்கள் இரண்டு பேராவது வேண்டும், பெண்கள் வேண்டும், நோட்டுப் புத்தகத்துக் கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கிற கண் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். முதல் கட்டை அடுத்த ஞாயிறு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரிக்கலாம். அவர் மகள் சம்மதம் சொல்லியிருக்கிறார்.